தலைப்பிரட்டை ஆகாத தவளைக்குத் தலைப்பிரட்டையின் கண் உண்டா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளை முட்டை ஒன்றின் ஒளிப்படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்: இந்தத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது என்கிறார்கள், ஆனால் முட்டையைச் சுற்றியுள்ள கூழின் வழியே இரண்டு பெரிய கரிய கண்கள் தெளிவாகத் தெரிகின்றன, அவை தலைப்பிரட்டையின் கண்களா, தவளையின் கண்களா, அவற்றால் முட்டைக்குள் இருந்தபடியே பார்க்க முடியுமா? கேள்வி பலவாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு பருவத்தைத் தவிர்த்துவிடும் உயிர், அந்தப் பருவத்துக்குரிய உறுப்பை முதலில் கட்டிப் பிறகு திருத்துகிறதா, அல்லது தொடக்கத்திலிருந்தே வேறு வழியில் கட்டுகிறதா என்பதுதான் அது. கல்லூரியில் கருவியல் கற்பித்தவன், தவளைக் கருக்களின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்தே வேலைநாட்களின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நான் கையாண்டவை தலைப்பிரட்டை விடும் தவளைகள். நேரடி வளர்ச்சி, அதாவது தலைப்பிரட்டையாகாமல் முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகிவிடும் முறை, கொண்டவற்றைப் பற்றி இங்கே சொல்பவை வெளியான ஆய்வுகளை வாசித்து அறிந்தவை. இந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் பார்த்த படம் ராவோர்செஸ்டஸ் பேரினத்தைச் சேர்ந்த ஒரு புதர்த்தவளையின் முட்டையாக இருக்க வேண்டும். இலங்கையின் சூடோஃபிலாட்டஸ் தவளைகள் இவற்றுக்கு நெருங்கிய உறவு. இரண்டு பேரினங்களிலும் முட்டையிலிருந்து வெளிவருவது நான்கு கால்களுடன் கூடிய குட்டித் தவளைதான். களக்காடு முண்டந்துறைக் காடுகளில் ராவோர்செஸ்டஸ் சாலசோட்ஸ் என்ற இனம் மூங்கில் கணுவிடைகளின் உள்ளே முட்டையிடுவதும், ஆண் தவளை அங்கேயே இருந்து காவல் காப்பதும் பதிவாகியிருக்கின்றன. ஆயினும் கரு வளர்ச்சியைப் பற்றிய விரிவான ஆய்வுகளில் பெரும்பாலானவை இவற்றின் மீது நடந்தவை அல்ல. கரீபியக் கடலின் போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த கோக்கி என்னும் எலூதெரோடாக்டைலஸ் கோக்கி மீது நடந்தவை. நேரடி வளர்ச்சி தவளைகளிடையே ஒருமுறை மட்டும் தோன்றிய பண்பு அன்று; ஒன்றுக்கொன்று தொலைவான பல குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியது. ஆகவே கோக்கியில் கண்டதை நம் புதர்த்தவளைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. கீழே நான் உறுதியாகச் சொல்பவை, வேறு விதமாகக் குறிப்பிடாத இடங்களில், கோக்கியைப் பற்றியவை என்றோ எல்லாத் தவளைகளுக்கும் பொதுவானவை என்றோ கொள்ளுங்கள்.

கோக்கியின் முட்டை ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படும் ஆப்பிரிக்க நகத் தவளையான செனோபஸின் முட்டை 1.3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். கன அளவில் பார்த்தால் வேறுபாடு ஏறக்குறைய இருபது மடங்கு. அவ்வளவு மஞ்சள்கருவும் கரு வெளியே வந்து இரை தேடாமலே குட்டித் தவளையாகி முடிவதற்கான கட்டுச்சோறு. கருவுற்றதிலிருந்து சுமார் மூன்று வாரங்களில் குட்டி வெளிவருகிறது. டவுன்செண்ட், ஸ்டூவர்ட் ஆகிய இருவரும் 1985இல் இந்த மூன்று வார வளர்ச்சியைப் பதினைந்து நிலைகளாகப் பிரித்து வெளியிட்ட அட்டவணையையே இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். அதில் முதலில் கண்ணில் படுவது கால்கள் தோன்றும் காலம்: பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழல் மூடிய சிறிது காலத்திலேயே கால் மொட்டுகள் வந்துவிடுகின்றன. தலைப்பிரட்டைக்கு வாரக்கணக்கில் கழித்து வர வேண்டியவை அவை. நீரோட்டத்தை உணரும் பக்கக்கோட்டு உறுப்புகள், இலையில் ஒட்டிக்கொள்ள உதவும் பசைச் சுரப்பி, சுரண்டித் தின்பதற்கான கொம்புப்பொருள் அலகு ஆகியவை வருவதே இல்லை. வால் மட்டும் வருகிறது. அதுவும் நீந்துவதற்காக அன்று, இரத்தக் குழாய்கள் நிறைந்த அகன்ற தகடாக விரிந்து முட்டைக்குள் சுவாசிப்பதற்காக.

இந்தப் பட்டியலில் கண்ணை எங்கே வைப்பது என்பதுதான் நம் பிரச்சினை. பக்கக்கோட்டு உறுப்பு தலைப்பிரட்டைக்கு மட்டுமே உரியது என்பதால் அதை விட்டுவிடலாம். கால் தவளைக்கு மட்டுமே உரியது என்பதால் அதை முன்னுக்கு இழுக்கலாம். கண்ணோ இருவருக்கும் வேண்டியது. விடவும் முடியாது, முன்னுக்கு இழுப்பதற்கும் அதிக இடமில்லை, ஏனெனில் எல்லா முதுகெலும்பிகளிலும் அது ஏற்கெனவே மிகவும் முன்னதாகத் தொடங்கிவிடும் உறுப்பு. நரம்புக்குழலாக மடியவிருக்கும் நரம்புத் தட்டின் முன்பகுதியில் ஒரே பரப்பாக இருக்கும் கண் களம் இரண்டாகப் பிரிகிறது. பேக்ஸ்-6, ஆர்எக்ஸ் முதலிய மரபணுக்கள் அங்கே செயல்படுகின்றன. மூளையின் பக்கங்களிலிருந்து இரண்டு குமிழ்கள் புடைத்துத் தோலைத் தொடுகின்றன. தொட்ட இடத்தில் தோல் தடித்து விழிவில்லையாக உள்வாங்க, குமிழ் தன்மேல் தானே மடிந்து கிண்ணமாகிறது. கிண்ணத்தின் உட்சுவர் விழித்திரை, வெளிச்சுவர் கருநிறமிப் படலம். இந்த வரிசையைத் தவளை, கோழி, மனிதர் யாரிடத்திலும் காணலாம். நேரடி வளர்ச்சித் தவளையும் இதிலிருந்து விலகவில்லை. எனவே உங்கள் கேள்விக்கான பதிலின் முதல் பாதி எளிது: தொடக்கக் கட்டத்தில் தலைப்பிரட்டைக் கண், தவளைக் கண் என்று இரண்டு கிடையாது, கண் என்ற ஒன்றுதான் உண்டு.

ஆனால் வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தால் உள்ளிருக்கும் வழிமுறையும் ஒன்றுதான் என்று கருதிவிட முடியாது. இந்தப் பாடத்தைத் தவளைக் கண்ணே கருவியலாளர்களுக்குக் கற்றுத் தந்தது. ஜெர்மானியக் கருவியலாளர் ஹான்ஸ் ஸ்பெமான் 1901இல் ஐரோப்பியப் பழுப்புத் தவளையின் கருவில் கண் குமிழாக வேண்டிய பகுதியைச் சுட்டு அழித்துப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் விழிவில்லை தோன்றவில்லை. குமிழ் தொட்டால்தான் தோல் வில்லையாகும் என்ற முடிவு அங்கிருந்து பிறந்தது. சில ஆண்டுகளில் அதே சோதனையை உறவுக்கார இனமான, மனிதர் உணவாகக் கொள்ளும் ‘உண்ணத்தகு தவளை’யில் செய்தபோது, குமிழ் இல்லாமலே வில்லை தோன்றியது. முடிந்த கண்ணைப் பார்த்து இரண்டு இனங்களையும் பிரித்தறிய முடியாது. கட்டப்பட்ட வழி வேறு. பின்னாளில் செனோபஸில் செய்த வேலைகள், தோலுக்கு வில்லையாகும் தகுதி குமிழ் தொடுவதற்கு வெகு முன்னரே படிப்படியாக ஏற்றப்படுகிறது என்றும், குமிழின் தொடுகை அந்தப் படிகளில் பிற்பட்டது என்றும் காட்டின. எந்த இனத்தில் எந்தப் படிக்கு எவ்வளவு பங்கு என்பது மாறக்கூடியது.

இதற்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டிய முடிவு ஒன்று கோக்கியிலேயே இருக்கிறது. விழிவில்லையும் பக்கக்கோட்டு உறுப்புகளும் தலையின் புறத்தோலில் ஒரே பொது மண்டலத்திலிருந்து தடிப்புகளாகத் தொடங்குபவை. கெர்ஹார்ட் ஷ்லோசரும் உடன் ஆய்வாளர்களும் 1999இல், கோக்கிக்கும் ஆக்சலாட்டல் என்ற சலமாண்டருக்கும் இடையே திசுக்களை மாற்றி ஒட்டிச் சோதித்தார்கள். கோக்கியின் உடல் இன்னும் பக்கக்கோட்டை உருவாக்கும் தூண்டுதலைத் தருகிறது. ஆக்சலாட்டலின் தோலை அங்கே வைத்தால் அது பதிலளிக்கிறது. கோக்கியின் சொந்தத் தோல்தான் அந்தத் தூண்டுதலுக்குச் செவிசாய்க்கும் திறனை இழந்திருக்கிறது. அதே தோல் விழிவில்லையை மட்டும் குறைவின்றிச் செய்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு உறுப்புகளில் ஒன்றை மட்டும் பரிணாமம் துல்லியமாக நீக்கியிருக்கிறது. நேரடி வளர்ச்சி என்பதைத் தலைப்பிரட்டையை மொத்தமாக வெட்டி எறிந்த ஒரே நிகழ்வாகக் கற்பனை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை. ஒவ்வோர் உறுப்பும் தனித்தனிப் பேரத்தில் தீர்க்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் தலைப்பிரட்டையின் கண் என்று நாம் சொல்வது எதை? செனோபஸை எடுத்துக்கொள்வோம். கருவுற்று மூன்று நாட்களுக்குள் விழித்திரையின் அடுக்குகள் பிரிந்து, முதல் நரம்பிழைகள் நடுமூளையின் கூரையைத் தொட்டுவிடுகின்றன. வெளியே நீந்தும் உயிருக்கு அவ்வளவு விரைவில் பார்வை வேண்டியிருக்கிறது. ஆனால் அது மிகச் சிறிய விழித்திரை. அதன் பிறகு மரத்தின் ஆண்டு வளையம் போல, விளிம்பில் இருக்கும் பகுப்புச் செல்களின் வளையம் வெளிப்புறமாகப் புதிய விழித்திரையைச் சேர்த்துக்கொண்டே போகிறது; முதிர்ந்த தவளையின் விழித்திரையில் பெரும்பகுதி இவ்வாறு பின்னால் சேர்ந்தது, முதல் மூன்று நாட்களின் விழித்திரை நடுவில் ஒரு சிறு வட்டமாக எஞ்சுகிறது. எனவே தலைப்பிரட்டை தவளையாகும் உருமாற்றத்தின்போது கண் இடித்துக் கட்டப்படுவதில்லை. குடலும் வாலும் படும் பாட்டைக் கண் படுவதில்லை. அது தொடர்ந்து வளர்கிறது; வளரும் முறையும் சுற்றியுள்ள அமைப்புகளும் மாறுகின்றன.

மாறுபவை சில. நீருக்குள், கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலமான கார்னியாவுக்கு ஒளியை வளைக்கும் ஆற்றல் ஏறக்குறைய இல்லை, ஏனெனில் அதன் இருபுறமும் நீர்தான். எனவே தலைப்பிரட்டையின் வில்லை மீனுக்கு இருப்பது போன்று கோளமாக இருந்து வேலை முழுவதையும் தானே செய்கிறது. காற்றுக்கு வந்ததும் கார்னியா வலிமையான வில்லையாகிவிடுவதால் உள்வில்லை தட்டையாகிறது. தலைப்பிரட்டைக்குக் கார்னியா உள், வெளி என இரண்டு படலங்களாக, நடுவில் ஒரு சிறு காம்பினால் மட்டும் இணைந்து இருக்கிறது. உருமாற்றத்தில் இரண்டும் ஒன்றாகின்றன. இமைகளும், கண்ணை ஈரமாக வைக்கும் சுரப்பிகளும் அப்போதுதான் முழுமை பெறுகின்றன. பக்கவாட்டில் நோக்கிய கண்கள் மேலும் முன்னும் நோக்கி நகர்கின்றன. அமெரிக்காவின் காளைத்தவளையில் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் செல்களின் நிறமியே மாறுகிறது: வைட்டமின் ஏ2 கொண்டு அமைந்த, செந்நிற ஒளியை அதிகம் ஏற்கும் போர்ஃபிராப்சின் பெரும்பாலும் போய், ஏ1 கொண்ட ரோடாப்சின் வருகிறது. வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருக்கும் செனோபஸோ முதிர்ந்த பிறகும் போர்ஃபிராப்சினை வைத்துக்கொள்கிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, இந்த நிறமி வயதைப் பின்பற்றுவதைவிட வாழிடத்தைப் பின்பற்றுகிறது என்பது. அந்தக் கணக்கில் குளத்து நீரையே காணாத கோக்கியின் கருவுக்கும் நம் புதர்த்தவளையின் கருவுக்கும் ஏ2 நிறமி தேவைப்படக் காரணமில்லை. ஆனால் இது என் அனுமானம். அளந்து பெற்ற முடிவாக இதை எங்கும் மேற்கோள் காட்ட வேண்டாம். கோளவில்லையும் இரட்டைக் கார்னியாவும் முட்டைக்குள் சிறிது காலம் தலைகாட்டுகின்றனவா என்ற கேள்விக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குட்டி வெளிவரும்போது நிலத்துக்குரிய கண்ணோடு வருகிறது என்பது மட்டும் ஐயமற்றது.

மேலே சொன்னவற்றை எல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது விழித்திரையின் சமச்சீரின்மை. தலைப்பிரட்டையின் இரு கண்களும் இரு வேறு பக்கங்களைப் பார்ப்பதால், ஒவ்வொரு கண்ணின் நரம்பிழைகளும் முழுவதுமாகக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்க மூளைக்குப் போகின்றன. தவளையாகும்போது இரு கண்களின் பார்வைப்பரப்பும் முன்னே ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்குகிறது. பூச்சியின் தொலைவைக் கணிக்க வேண்டிய உயிருக்கு அது பெரும் உதவி. அப்போது விழித்திரையின் கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிட வேகமாக வளர்கிறது. அங்கே புதிதாகப் பிறக்கும் செல்களில் ஒரு பகுதி தம் இழைகளைக் குறுக்கே அனுப்பாமல் அதே பக்கத்து மூளைக்கு அனுப்புகின்றன. இதை இயக்குவது, உருமாற்றத்தையே தூண்டும் தைராய்டு ஹார்மோன் என்று ஸாலி ஹாஸ்கின்ஸும் பால் க்ரோப்ஸ்டீனும் 1980களில் செனோபஸில் நிறுவினார்கள். ஹார்மோன் கண் முழுவதையும் நனைக்கும்போது கீழ் விளிம்பு மட்டும் ஏன் வளர்கிறது என்பதற்கு 1999இல் மார்ஷ்-ஆம்ஸ்ட்ராங்கும் குழுவினரும் விடை கண்டார்கள்: மேல் விளிம்பின் செல்கள் மூன்றாம் வகை டீஅயோடினேஸ் என்ற நொதியை உருவாக்கி, தம்மிடம் வரும் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. ஹார்மோனின் வருகையை ஓர் உறுப்பின் ஒரு பாதி மட்டும் மறுத்துவிடுவது, கருவியலில் நான் கற்பித்த உதாரணங்களில் மாணவர்கள் எளிதில் மறக்காத ஒன்று.

இனி கோக்கிக்கு வருவோம். அதற்கும் தைராய்டு உண்டு. முட்டைக்குள்ளேயே அது வேலை செய்கிறது. எலிசபெத் காலரியும் ரிச்சர்ட் எலின்சனும் 2000இல், ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் மெதிமசோல் என்ற மருந்தைக் கருவுக்குக் கொடுத்தபோது வால் சுருங்குவதும் தோல் முதிர்வதும் நின்றுபோயின. வெளியிலிருந்து ஹார்மோனைக் கொடுத்ததும் மீண்டும் தொடங்கின. கால் மொட்டுகளின் தொடக்கம் மட்டும் ஹார்மோனுக்காகக் காத்திருக்கவில்லை. அதாவது உருமாற்றம் நீக்கப்படவில்லை. முட்டைக்குள் ஒரு பகுதி மறைந்து நடக்கிறது, இன்னொரு பகுதி ஹார்மோனின் பிடியிலிருந்து விடுபட்டு முன்னால் போய்விட்டது. விழித்திரை இந்த இரண்டில் எந்தப் பகுதியில் சேரும் என்பதுதான் உங்கள் கேள்வியின் கூர்முனை. ஷ்லோசரும் கெர்ஹார்ட் ரோத்தும் 1997இல் கோக்கியின் விழித்திரை வளர்ச்சி தலைப்பிரட்டை விடும் தவளைகளின் வளர்ச்சியிலிருந்து மாறியிருக்கிறது என்று வெளியிட்டார்கள். மாற்றம் உண்டு என்பது வரை உறுதியான நிலம். கீழ் விளிம்பின் மிகைவளர்ச்சி கோக்கியிலும் அதே ஹார்மோனாலும் அதே நொதியாலும்தான் நடக்கிறது என்று சொல்வது செனோபஸிலிருந்து கொண்டுவரும் ஊகம். நல்ல ஊகம் என்றே நினைக்கிறேன், ஏனெனில் ஹார்மோனை ஏற்கும் புரதங்களும் டீஅயோடினேஸ் நொதிகளும் கோக்கியின் கருவிலும் செயல்படுவதை ஹார்வர்டில் ஜேம்ஸ் ஹாங்கனின் ஆய்வுக்கூடம் 2019இல் காட்டியது. ஆனாலும் கால் மொட்டும் ஹார்மோனுக்காகக் காத்திருக்கும் என்ற, அதே அளவு நல்லதாகத் தோன்றியிருக்கக்கூடிய ஊகம் பொய்த்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு கோணமும் உண்டு. செனோபஸில் இரு கண்களும் பார்க்கும் வெளி நடுமூளையில் வரைபடம் போலப் பதிகிறது; அந்த இரண்டு வரைபடங்களும் அங்கே ஒன்றோடொன்று பொருந்துவதற்குப் பார்வை அனுபவம் தேவை. உருமாற்றக் காலத்தில் இருளில் வளர்த்தால் அந்தப் பொருத்தம் குலைகிறது. தலைப்பிரட்டைக்குப் பழகிப் பார்க்க வாரங்கள் இருக்கின்றன. முட்டைக்குள் சுருண்டு கிடக்கும் கருவுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு வழிகள் எனக்குத் தோன்றுகின்றன. பொருத்தம் அனுபவமின்றியே அமைவதாக இருக்கலாம். அல்லது குட்டி வெளிவந்த பிறகு, வயிற்றில் எஞ்சிய மஞ்சள்கருவில் வாழும் முதல் சில நாட்களில் அது நடக்கலாம். முட்டையிலிருந்து வந்த உடனே இரையைத் துரத்த வேண்டிய கட்டாயம் குட்டிக்கு இல்லை என்பது இரண்டாவதற்கு இடம் தருகிறது. இருளிலும் ஒளியிலும் முட்டைகளை வளர்த்து, குட்டிகள் பூச்சியைக் குறிபார்க்கும் துல்லியத்தை ஒப்பிட்டால் எது சரி என்று தெரிந்துவிடும். சிறிய செலவில் செய்யக்கூடிய ஆய்வு. நம் மலைப்பகுதிப் பல்கலைக்கழகம் ஏதாவது, வனத்துறை அனுமதி பெற்று, எடுத்துச் செய்தால் மகிழ்வேன்.

முட்டைக்குள் பார்வை உண்டா என்பதற்கு, நீங்கள் கண்ட கருமையைச் சான்றாகக் கொள்ள முடியாது. அந்தக் கருமை கிண்ணத்தின் வெளிச்சுவரான நிறமிப் படலத்தின் மெலனின். செனோபஸில் விழித்திரையின் அடுக்குகள் பிரிந்து முடிவதற்கு முன்பே அது கருத்துவிடுகிறது. கண் கருத்திருப்பதற்கும் கண் வேலை செய்வதற்கும் இடையே இடைவெளி உண்டு. ஒளி பட்டதும் கரு அசைந்தால் அது பார்க்கிறது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. செனோபஸின் இளம் தலைப்பிரட்டைகள் தலைமேல் நிழல் விழுந்தால் நீந்தத் தொடங்குவது கண்ணால் அன்று, மூளையின் மேற்புறத்தில் உள்ள பினியல் உறுப்பால். மத்திய அமெரிக்காவின் செங்கண் மரத்தவளைக் கருக்கள் முட்டைக்குள்ளிருந்தே ஒளிக் குறிப்புகளைப் பயன்படுத்துகின்றன என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன; ஆனால் அவை தலைப்பிரட்டை விடும் இனம், நீரின் மேல் தொங்கும் இலையிலிருந்து சரியான நேரத்தில் கீழே விழ வேண்டியவை. மூங்கிலின் உட்குழிக்குள் அரையிருளில் வளரும் கருவுக்கு அந்த அவசரம் இல்லை. கடைசி நாட்களில் கருவின் விழித்திரை ஒளியை உணரக்கூடிய நிலையில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமானது, ஏனெனில் வெளிவரும் குட்டி பார்க்கிறது, பார்வை ஒரே நொடியில் திறந்துகொள்வதும் இல்லை. அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி அதே துணிவோடு பேச மாட்டேன்.

உங்களிடம் அதே முட்டையின் பிந்தைய படங்கள் இருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். வால் அகலமாக விரிந்து உடலைப் போர்த்தியிருந்தால் உருமாற்றத்துக்கு ஒப்பான கட்டம் இன்னும் முடியவில்லை; வால் சுருங்கி, கண்ணின் மேல் விளிம்பில் தோல் மடிந்து இமையாகத் தெரிந்தால் குட்டி வெளிவரும் நாள் நெருங்கிவிட்டது, நீங்கள் பார்ப்பது எல்லா வகையிலும் தவளையின் கண். அதற்கு முந்தைய படத்தில் உள்ள கண்ணை எப்படி அழைப்பது என்று கேட்டால், கருவின் கண் என்றுதான் சொல்வேன். அதன் விழித்திரை எந்த நிலையில் இருந்தது என்பதை வெளியிலிருந்து எடுத்த எந்தப் படத்தாலும் சொல்ல முடியாது. அதற்குக் கருவைப் பதப்படுத்திச் சீவிப் பார்க்க வேண்டும், இந்தத் தவளைகளில் பல இனங்களின் வாழிடம் ஒரே மலைச்சரிவோடு முடிந்துவிடுவதால் அந்த வேலையைத் தக்க அனுமதி உள்ளவர்கள் மட்டுமே செய்ய வேண்டும்.